சைவ நண்டு

"ஏலே சுடலையாண்டி, சைவ நண்டு வேணும்னுதான கேட்டேன்? நீ என்னத்தலே கொண்டாந்து தள்ளிட்டுப் போன?"

வக்கீல் ஞானசம்பந்தம் போட்ட சத்தம் தென்காசி ரத வீதி முழுக்கக் கேட்டது.

வெங்காயம்கூட நுழையாத வீடு அது. அதன் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பீப்பாயில் வந்த கடல் தண்ணீர், பவளப்பாறை, ஆறு வரிமீன், அழுக்கைத் தின்ன ஒரு நண்டு. எல்லாம் தூத்துக்குடிக்காரன் சுடலையாண்டி போன மாதம் ரயிலில் கொண்டுவந்து கொடுத்தவை. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் தலைகாட்டியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் அறுபத்திரண்டாம் வருஷத்து சீசன் கண்காட்சி. தொட்டியைக் கொண்டுவருகிறேன் என்று வக்கீல் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. மீனோ மூன்றுதான் மிச்சம்.

"என் கண்ணால பார்த்தேம்லே! மீனைக் கவ்விக்கிட்டு நின்னு திங்குது. கண்காட்சிக்கு நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போவேன்? இனிமே நீ தென்காசி ஸ்டேஷன்ல எறங்கிப் பாரு, காலை ஒடிக்கேன்!"

சுடலையாண்டிக்கும் சுருக்கென்று ஏறியது. தொட்டிக்குள் கையை விட்டு நண்டை எடுத்து நீட்டினான்.

"பாருங்கய்யா. உசுரோட மீன் பிடிக்குத நண்டுக்குக் கடைசிக் காலு துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். அதை நான் உங்களுக்குத் தரவே மாட்டேன். இது சங்குக்குள்ள ஒடுங்கிக் கெடக்குத நண்டு. செத்ததைத்தான் தின்னும். மீனுக்கு என்ன தீனி போட்டீக?"

"அவலு, பொரி, தயிர்ச்சோறு. வேற என்னலே இருக்கும் எங்க வீட்டுல?"

"கடல் மீனு தயிர்ச்சோறு திங்குமாய்யா? பட்டினி கெடந்து செத்திருக்கு!"

வக்கீலுக்கு ரத்தம் கொதித்தது. வருஷா வருஷம் அன்னதானம் செய்கிற வீட்டில் பட்டினிச் சாவா! கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அப்படியா? மிச்சம் மூணு எப்படிலே கொழுகொழுன்னு நீந்துது? அதுக்கும் அதே தயிர்ச்சோறுதான? சொல்லுலே!"

சுடலையாண்டி குனிந்து, தொட்டிக்குள் நீந்துகிற மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வாய் அடைச்சுப்போச்சா? களவாணிப் பயலே!" நண்டைப் பிடுங்கித் தரையில் அறையக் கையை ஓங்கினார்.

"நிறுத்துங்க!"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொக்கம்மாள் வந்தாள். கையிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்தாள். கூடமெல்லாம் கருவாட்டு வாடை.

"இறால் பொடி. பின்தெரு ஹைருன் பீவிகிட்ட வாங்கினேன். பத்து நாளா நான்தான் போடுதேன். அதுக்கப்புறம் ஒரு மீனும் சாகலை."

வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார். "ஏட்டி, சைவ வீட்டுக்குள்ளயா இந்தக் கருமம்?"

சொக்கம்மாள் டப்பாவை மூடவில்லை. குரலும் தணியவில்லை.

"உசுரைக் கொல்லக்கூடாதுன்னுதான சைவம்? இந்த வீட்டுல மூணு உசுரைக் கொன்னது யாருங்க, உங்க கையில இருக்கிற நண்டா?"