சத்தமில்லாத மோடம்

"என்ரை கம்ப்யூட்டரைக் குழப்பிப்போட்டாய்!" டண்டினொங் நகரப் பலசரக்குக் கடைக்காரர் சிறீஸ்கந்தராசா கைபேசியில் கத்தினார். தம்பியின் விசாப் பத்திரங்களை ஐந்து மணிக்குள் வக்கீலுக்கு மின்னஞ்சலில் அனுப்பாவிட்டால் வழக்கு அவ்வளவுதான்.

நேற்று அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸ் கேர்னலை மாற்றிக்கொடுத்த விஜிதரனுக்கும் கோபம் ஏறியது. "புதுசிலை மோடம் சத்தம் போடாது அங்கிள். ஆனா ஃபோன் லைனிலை இன்ரநெற்றுக்கு டயல் பண்ணும்."

"பண்ணுது! பிறகு பட்டெண்டு அறுந்துபோகுது. உன்ரை கேர்னலைக் குப்பையிலை போடு!"

"மோடமும் கடை ஃபோனும் ஒரே லைன். ஃபோனை ஆரும் தூக்கினா இன்ரநெற் அறும். ஆரும் தூக்கினமோ?"

"இஞ்சை என்னைத் தவிர ஈ காக்கா இல்லை."

"அப்ப, சத்தமில்லாமல் டயல் பண்ணுறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தேங்காயையே தட்டிக் கேட்டு வாங்கிறவனடா நான்! ஒவ்வொருதரமும் ரிசீவரை எடுத்துக் காதிலை வைச்சுப் பாக்கிறன்."

விஜிதரன் மணியைப் பார்த்தான். நாலு ஐம்பது.

"ரிசீவரை வைச்சிட்டுப் போய்த் தேங்காயைத் தட்டுங்கோ, அங்கிள்!"