இரண்டு சாண்

"மைதானத்துல போட்ட வட்டத்துலயே இறக்கத் தெரியல. நீ செவ்வாய்ல இறக்கப் போறியாக்கும்?"

திட்டத் தலைவர் கேட்டதும் கூடாரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேசை அளவுக்கு ஒரு சோதனைக் கலம். ஹெலிகாப்டரிலிருந்து விட்டால், தானே தரையைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு வட்டத்தின் நடுவில் வந்து இறங்க வேண்டும். அதற்கு வழி சொல்லும் புரோகிராம் அவளுடையது. மூன்று வருட உழைப்பு. குறியிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இறங்கினால் விண்கலத்தில் அதுதான் போகும். இல்லையென்றால் அடுத்த அணியுடையது.

அளக்கப் போன டெக்னீஷியன் மூச்சு வாங்க வந்தார்.

"ஐம்பது மீட்டர் டேப் பூரா தீர்ந்துபோச்சு சார். மிச்சத்தைக் கையால அளந்தேன், ரெண்டு சாண். வட்டத்துகிட்ட நிக்கவே முடியல. ஒரு குருவி மண்டையைக் கொத்த வருது."

"குருவிக்கே பொறுக்கல பாருங்க" என்றார் அடுத்த அணிக்காரர்.

"என்னம்மா, காத்து மேல பழி போடலையா?" தலைவர் விடவில்லை.

"காத்து இல்ல சார்."

"கேமரா?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

அவருக்கு எரிச்சல். ரிப்போர்ட்டில் 'ஐம்பது மீட்டர்' என்று எழுதிக்கொண்டே வட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"சார், பார்த்து. காலை வைக்காதீங்க."

நடுக்குறியை ஒட்டி, கூழாங்கல் மாதிரி நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றியது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"காலைல வட்டத்தைச் சரிபார்க்க வந்தப்ப சார்."

"சொல்லியிருக்கலாமே."

"எடுத்து ஓரமா வைன்னு சொல்லுவீங்க. இடம் மாறினா தாய் திரும்பி வந்து உட்காராது சார்."

சொல்லியிருப்பார்தான். அது அவருக்கே தெரியும்.

"அப்போ கலத்தை எங்க இறங்கச் சொன்ன?"

"நேர் கிழக்கே ஐம்பது மீட்டர் தள்ளி. ஹெலிகாப்டர் கிளம்புறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு சார்."

அவர் நேர் கிழக்கே தூரத்தில் நின்ற கலத்தைப் பார்த்தார். குனிந்து முட்டைகளைப் பார்த்தார். குருவியிடம் ஒரு கொத்தும் வாங்கிக்கொண்டார்.

பிறகு, 'குறி தப்பிய தூரம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்:

'இரண்டு சாண்.'