கைவிட்ட கைகள்

யோகநாதன் வந்து நின்றதைக் கண்டும் வினாயகமூர்த்தி வலைக் கிழிசலைப் பொத்துவதை நிறுத்தவில்லை.

"ஒருக்கா வாங்கண்ணன். கை குடுக்க ஆள் வேணும்."

"ஏன், உன்ட வின்ச் பழுதாப் போயிற்றா?"

"இல்லண்ணன்."

வினாயகமூர்த்திக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முன்பெல்லாம் இவனுடைய வள்ளத்தைப் பெரியகல்லாற்றுக் கரைக்கு ஊரே கூடி இழுத்துவிடும். வின்ச் பூட்டிய அன்று, "சுவிச்சத் தட்டினா கம்பிக்கயிறு தானாச் சுத்தி வள்ளத்தக் கரையேத்தும். இனி ஒருத்தரும் தேவையில்ல" என்று எல்லோர் முகத்துக்கும் நேரே சிரித்தவன் இவன்தான்.

"மறுகா என்னத்துக்கு எங்கட கை? வின்சாலயே இழு!"

யோகநாதன் தலையை நிமிர்த்தவில்லை.

"இழுக்க இல்லண்ணன், தூக்க. அப்பா விடியக்காலம மோசம் போயிட்டார். சவப்பெட்டி தூக்க ஒருத்தரும் வாறாங்க இல்ல."