எலுமிச்சம்பழத்தின் தைரியம்

மார்கழிப் பனியில் நனைந்து நனைந்து பைக் செயின் துருவேறிப் போயிருந்தது. ஓனர் குப்புராஜ் வெள்ளி தவறாமல் ஹேண்டில்பாரில் புது எலுமிச்சம்பழம் கட்டுவார். செயினைக் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

"அண்ணே, அவர் கண்ணு உங்க மேலதான். ரெண்டு சொட்டு எண்ணெய்க்குச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது செயின்.

"நான் இருக்கும்போது உனக்கென்ன பயம், தம்பி?" என்றது பழம்.

மறுநாள் காலை பாலத்து ஏற்றத்தில் செயின் அறுந்தது. வண்டி சாய்ந்ததில் குப்புராஜுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எழுந்தவர் பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என் கதி என்ன ஆயிருக்கும்!"

மெக்கானிக் கடை மூலையில் கிடந்த பழைய செயின், தன் இடத்தில் புதுச் செயின் ஏறுவதைப் பார்த்தது. ஹேண்டில்பாரில் இப்போது இரண்டு பழங்கள்.

"நாங்க ரெண்டு பேர் இருக்கும்போது உனக்கென்ன பயம், தம்பி?" என்றன அவை.