நீங்க வந்தா ஓடுது

கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த, கம்ப்யூட்டர் திருத்தும் ஜனகனுக்கு, கண்டியிலுள்ள அந்த பாமசிக்கு இது நாலாவது நடை. முதல் மூன்று தடவையும் அவன் பார்க்கும்போது கடைக் கம்ப்யூட்டர் குதிரையாக ஓடியது.

"நீங்க வந்தா ஓடுது தம்பி, போனாப் படுத்துக்குது. ஒரு மருந்து இருக்கான்னு பார்க்க அஞ்சு நிமிஷம். இண்டைக்கும் சரிவராட்டி வேற ஆளத்தான் கூப்பிடோணும்," என்ற முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார், வழக்கம்போல் தன் தேக்குக் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டுத் தர எழப்போனார்.

"வேணாங்க ஹாஜியார், நீங்களே இருங்க. நான் உட்கார்ந்தா தூங்கிருவேன்."

நின்றபடியே தட்டிப் பார்த்தான். முதன்முறையாக அவன் கண்ணெதிரே கம்ப்யூட்டர் நொண்டியது. பின்னறை சர்வரிலிருந்து வரும் கேபிளைத் தடவிக்கொண்டே தரையில் தவழ்ந்துவந்தவன், ஹாஜியாரின் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"கொஞ்சம் எழும்புங்க."

அவர் எழுந்து கதிரையை நகர்த்தியதும் மருந்துப் பட்டியல் மளமளவென்று திரையில் வந்தது.

"பார்த்தீங்களா, நீங்க கை வெச்சாத்தான் சரிவருது! இப்பவாவது இதுல இரிங்க தம்பி."

கதிரைக் கால் இருந்த இடத்தில் கேபிள் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. ஜனகன் அதைக் காட்டிவிட்டு, கதிரையில் சாய்ந்தான்.

"இருக்கேங்க. நான் போனதும் இதைத் திரும்ப அங்க போட்டுராதீங்க."