ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை

"வருமானம் வரம்புக்குள்ளதான் இருக்கு. எதுக்கும் வீட்டையும் பார்த்துடலாம்னு வந்தேன்" என்றார் கல்வி அறவாரியத்து அம்புரோஸ்.

புக்கிட் ரம்பாயில் இருந்த அந்தப் பலகை வீட்டின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மோகனா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த மகள் லோஷினி அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள். அடுப்படியிலிருந்து வந்த சுப்பம்மா தேநீரை வைத்தாள்.

"பக்கத்து வீட்டு அக்கா, சார்" என்றாள் மோகனா.

அம்புரோஸ் லோஷினியைப் பார்த்தார். "ஏழையா இருக்கிறதுல என்னம்மா வெட்கம்? ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் உபகாரச் சம்பளம் கொடுக்கிறோம். இந்த வீட்டுக்கு உனக்குத்தான்லா. நல்லா படி."

அவருடைய கார் கிளம்பியதும் மோகனா சிரித்தாள். "உங்க வீட்டைக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றிக்கா. புக்கிட் பெருவாங்ல எங்க மாடி வீட்டைப் பார்த்திருந்தா, அந்த வாசல்லயே திரும்பிப் போயிருப்பார். நாளைக்கு எங்க வீட்டு வேலைக்குக் கொஞ்சம் லேட்டா வாங்க, பரவாயில்ல."

சுப்பம்மா கோப்பைகளை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இருக்கட்டும்மா. ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான்னு சொல்லிட்டாரே... என் மக திலகாவும் இதே வீட்டு விலாசத்துல இதுக்குத்தானே மனு போட்டிருக்கா?"

மோகனா கைப்பையில் கார் சாவியைத் தேடினாள். லோஷினிக்கு அந்த வீட்டில் நிற்கவே கூசியது.