மூச்சுக்கு எந்த மொழி?

நோயாளி மறுபடியும் செத்துப்போனார். எமகாதகி நிதானமாக ஒரு மடக்கு காபி குடித்துவிட்டு, "எழுப்பிடட்டுமா சார்?" என்று கேட்டாள்.

மேசைமேல் கிடந்தது ஒரு ரப்பர் பொம்மை. செயற்கை சுவாசக் கருவியைச் சோதித்துப் பார்க்க, உள்ளே நுரையீரல் வைத்துச் செய்தது. கருவியை ஓட்டும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. எதைக் கொடுத்தாலும் உடைத்துக் காட்டிவிடுவாள் என்பதால் ஆபீஸே சேர்ந்து வைத்த பேர் எமகாதகி.

"நம்ம ஆபீஸ் மெஷின் பழசும்மா, அதான் நின்னு நின்னு போகுது," என்றார் மேலாளர். "ஜாவா மொழின்னா பசங்க புரோகிராமை மளமளன்னு எழுதித் தள்ளிடறாங்க. நீ இப்பப் போய் 'அடா'வுல எழுதணுங்கிறே! அடடா, அது எந்தக் காலத்து மொழி?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனுஷருக்கு எத்தனை தடவைதான் பாடம் நடத்துவது!

"சார், ஈமெயில் நின்னா எரிச்சல் வரும். இது நின்னா உயிர் போகும். எது நின்னா ஒருத்தர் சாவாரோ, அதுதான் உயிர்நாடி மென்பொருள். ஜாவா நடுநடுவுல எல்லாத்தையும் நிறுத்திட்டு, நினைவகத்துல சேர்ந்த பழைய தகவல் குப்பையைப் பொறுக்கும். குப்பை ஜாஸ்தியாச்சுன்னா அப்படியே உக்காந்துடும். அடா அப்படிப் பண்ணாது. விமானமே அதை நம்பிப் பறக்குது."

"சரி, காலையில ஆஸ்பத்திரி சோதனை அறைக்குப் புது மெஷினும் புது பொம்மையும் அனுப்பினோமே, இங்கேருந்தே அதுல காட்டு. நின்னுச்சுன்னா மொழியை மாத்தறேன். நிக்கலன்னா வாயை மூடிக்கணும். அடுத்த வாரமே எல்லா ஊருக்கும் லாரி கிளம்பிடும்."

விடுவாளா? இந்த மெஷினின் குழாயை எத்தனை பேர் வாயில் செருகப் போகிறார்களோ! திரையில் ஆஸ்பத்திரி மெஷினைத் திறந்தாள். மூச்சுக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வெடுக் வெடுக்கென்று துள்ளியது.

"என்ன, பொம்மை இருமுதா?" என்று சிரித்தார் மேலாளர்.

"குடுத்த விலைக்கு இருமக்கூடவா செய்யாது சார்?" என்று அவளும் சிரித்துவிட்டு, பொய்த் தகவல்களை மூட்டை மூட்டையாக அனுப்பத் தொடங்கினாள்.

கோடு தடுமாறியது. பிறகு பாதியில் அப்படியே நின்றது.

"அலாரம் அடிக்கணுமே?" மேலாளரின் முகம் மாறியது.

"அதுவும் இதே மென்பொருள்தானே சார். சேர்ந்துதான் நிக்கும். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தா முடிஞ்சுது கதை. அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."

அவர் பார்த்தார். கோடு அசையவே இல்லை. நேரம் போகப் போக அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"போதும்மா, போதும். நீ சொன்னபடியே மாத்திடலாம்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது வீண்போகவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் பிழைத்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சோதனை அறைக்குப் போன் போட்டாள்.

"சோதனை முடிஞ்சுதுங்க. மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் பொம்மையைக் கழட்டிடுங்க."

"ஐசியுவுல மெஷின் பத்தலன்னு காலையிலேயே தூக்கிட்டுப் போயிட்டாங்களே மேடம்," என்றது எதிர்முனைக் குரல். "பொம்மை இன்னும் பெட்டியிலதான் இருக்கு."